புது வயர்லெஸ் ஹெட்போன்: முதல் நாளிலிருந்து சரியாகப் பயன்படுத்துவது எப்படி?

விலை கூடிய வயர்லெஸ் ஹெட்போன் வாங்கிய முதல் வாரத்தில் வரும் புகார்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். பாட்டு தானாக நின்றுவிடுகிறது. மீட்டிங்கில் சேர்ந்ததும் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிறது. நாய்ஸ் கேன்சலிங் (வெளிச்சத்தத்தை அடக்கும் வசதி) என்று சொல்லி விற்றார்கள், பக்கத்து அறைப் பேச்சு அப்படியே கேட்கிறது. இவற்றுக்காகச் சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஏதாவது ஒரு செட்டிங் தவறாக இருக்கும், இல்லையென்றால் காதைச் சுற்றி அமரும் மெத்தையான பேட் காதைச் சரியாக மூடியிருக்காது. ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

உதாரணத்துக்கு சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 (சுருக்கமாக எக்ஸ்எம்4) மாடலை எடுத்துக்கொள்கிறோம். 2020 ஆகஸ்டில் வெளிவந்த இது இன்னும் நிறையப் பேர் கையில் இருக்கிறது. எடை 254 கிராம். நாய்ஸ் கேன்சலிங்கோடு 30 மணி நேரம் ஓடும் என்பது நிறுவனக் கணக்கு. 2022-ல் வந்த அடுத்த மாடலான எக்ஸ்எம்5 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறோம்.

படி 1: சார்ஜ் போடுங்கள், எது எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

காதை மூடும் கிண்ணம் போன்ற பகுதிதான் கப். இடது கப்பில் பவர் பட்டனும் கஸ்டம் பட்டனும் 3.5 மிமீ ஆடியோ துளையும் இருக்கும். சார்ஜ் போடும் யுஎஸ்பி-சி துளை வலது கப்பில். விரலால் தொட்டுக் கட்டளையிடும் டச் வேலை செய்வதும் வலது கப்பின் வெளிப்பக்கம்தான். பட்டன் இருக்கும் பக்கம் இடது என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் இருட்டில்கூட மாற்றி மாட்ட மாட்டீர்கள்.

முழு சார்ஜ் ஏற 3 மணி நேரம் ஆகும். அவசரத்துக்கு 10 நிமிடம் போட்டால் 5 மணி நேரம்வரை கேட்கலாம். சார்ஜ் ஏறும்போது எக்ஸ்எம்4 பாடாது. ஒயரைச் செருகியதும் அணைந்துவிடும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், பயப்பட வேண்டாம்.

படி 2: போனோடும் லேப்டாப்போடும் இணையுங்கள்

ஹெட்போன் அணைந்திருக்கும்போது பவர் பட்டனை 7 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நீல விளக்கு இரண்டிரண்டாக மின்ன ஆரம்பித்தால் இணைய ஆயத்தமாகிவிட்டது என்று பொருள். எக்ஸ்எம்5-க்கு 5 விநாடி போதும். இந்த நிலை சுமார் 5 நிமிடம்தான் இருக்கும். அதற்குள் போனின் புளூடூத் பட்டியலில் தேடி எடுத்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பட்டியலில் சில சமயம் இரண்டு பெயர்கள் தெரியும்: ஒன்று வெறும் மாடல் பெயர், இன்னொன்று முன்னால் எல்இ என்று சேர்ந்தது. வெறும் மாடல் பெயரையே தொடுங்கள். மற்றதைத் தொட்டுவிட்டு, "கனெக்ட் ஆகிவிட்டது, பாட்டு மட்டும் வரவில்லை" என்று திண்டாடுபவர்கள் அதிகம்.

லேப்டாப்பையும் இதே முறையில் இணைத்துவிட்டு, சோனியின் சவுண்ட் கனெக்ட் ஆப்பில் இரண்டு கருவிகளோடு ஒரே நேரத்தில் இணையும் வசதியை ஆன் செய்யுங்கள். இரண்டிலிருந்தும் ஒன்றாகப் பாட்டு வராது. லேப்டாப் வீடியோவை நிறுத்தினால்தான் போன் பாட்டுக்கு வழி கிடைக்கும். வீடியோ நின்றிருந்தும் போன் பாட்டு அடிக்கடி வெட்டுப்படுகிறதா? லேப்டாப்பில் வந்து விழும் மெயில், சாட் அறிவிப்புகளின் 'டிங்' சத்தம்தான் காரணமாக இருக்கும். அந்த ஒலிகளை லேப்டாப்பில் அணைத்துவிடுங்கள்.

படி 3: ஆப்பில் முதலில் அணைக்க வேண்டியவை

முதலில் அப்டேட் இருந்தால் போட்டுவிடுங்கள். அரை மணி நேரம்கூட ஆகலாம். அது முடியும்வரை போனும் ஹெட்போனும் பக்கத்திலேயே இருக்கட்டும். ஆப் உங்கள் ஹெட்போனை அடையாளமே காணவில்லை என்றால் அது போலியாக இருக்க வாய்ப்பு உண்டு. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் சோதித்துவிடுவது நல்லது.

அடுத்து, ஸ்பீக் டு சாட். நீங்கள் வாயைத் திறந்தால் பாட்டை நிறுத்தி வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இது. பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாலும், சில சமயம் இருமினாலும்கூட நிறுத்திவிடும். ஆப்பில் அணைத்த பிறகும் வலது கப்பில் இரண்டு விரலை வைத்துப் பிடித்தால் மறுபடி ஆன் ஆகிவிடும்; கழற்றி மாட்டும்போது தெரியாமல் இப்படி நேர்வது சகஜம். பாட்டு தானாக நிற்கிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நீங்கள் நடக்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பார்த்துத் தானாக மோட் மாற்றும் அடாப்டிவ் சவுண்ட் கன்ட்ரோலையும் ஆரம்பத்தில் அணைத்து வையுங்கள். நல்ல வசதிதான். ஆனால் ஹெட்போனின் இயல்பான சத்தம் காதுக்குப் பழகுவதற்கு முன்னால் இது குழப்பத்தையே தரும்.

படி 4: காதை முழுதாக மூடுகிறதா?

எல்லாப் படிகளிலும் இதுதான் முக்கியம் என்று சொல்வோம். நாய்ஸ் கேன்சலிங் மைக் வழியாக வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டையும் அடித்துக்கொள்ள வைக்கிறது. மின்விசிறி, ஏசி, பஸ் இன்ஜின், ஜெனரேட்டர் மாதிரி தாழ்ந்து, ஒரே சீராக வரும் சத்தத்தில் இது நன்றாக எடுபடும். பேச்சு, ஹாரன், குக்கர் விசில் போன்ற உயர்ந்த, திடீர்ச் சத்தங்களைப் பெரும்பாலும் தடுப்பது பேட்தான். பேட் ஓரத்தில் ஒரு மெல்லிய இடைவெளி இருந்தாலே தாழ்ந்த சத்தம் உள்ளே நுழையும். பாட்டின் பேஸும் வெளியே போய்விடும்.

சோதிப்பது சுலபம். மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, அதன் கீழே ஹெட்போனை மாட்டி நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்யுங்கள். இப்போது இரண்டு கப்பையும் விளிம்பில் பிடித்து உள்பக்கமாக மெல்ல அழுத்துங்கள். வலது கப்பின் நடுவே உள்ளங்கை பட்டால் அது வேறு கட்டளையாக எடுத்துக்கொள்ளும், அதனால் விளிம்பில் மட்டும். அழுத்தும்போது விசிறியின் 'உம்ம்' என்ற ஒலி சட்டென்று குறைந்தால் எங்கோ இடைவெளி இருக்கிறது. காதோர முடி பேடுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, பெரிய கம்மல் தடுக்கிறதா, தலைப்பட்டையை ஒரு கிளிக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமா என்று வரிசையாகப் பாருங்கள். கண்ணாடி போடுபவர்களுக்குத் தடித்த பிளாஸ்டிக் காம்புதான் எதிரி. மெல்லிய உலோகக் காம்பு இருந்தால் வித்தியாசம் காதுக்கே தெரியும்.

பொருத்தம் சரியானதும் கஸ்டம் பட்டனை 2 விநாடி அழுத்திப் பிடியுங்கள். எக்ஸ்எம்4 சில ஒலிகளை எழுப்பி, உங்கள் தலைக்கும் கண்ணாடிக்கும் அப்போதைய காற்றழுத்தத்துக்கும் ஏற்ப அளவெடுத்துக்கொள்ளும். அப்போது தலையை ஆட்டாதீர்கள். விமானம் உயரே ஏறிய பிறகும் ஒருமுறை இதைச் செய்யலாம். எக்ஸ்எம்5 இதைத் தானே செய்துகொள்ளும்.

சிலருக்கு நாய்ஸ் கேன்சலிங்கை ஆன் செய்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும். காதில் உண்மையில் அழுத்தம் ஏறுவதில்லை. தாழ்ந்த சத்தம் திடீரென்று மறைவதை மூளை அப்படி எடுத்துக்கொள்கிறது. முதல் சில நாட்கள் அரை மணி அரை மணியாகப் பழகுங்கள்.

படி 5: விரல் கட்டளைகள்

இரண்டு தட்டு: பாட்டு ஓடும், நிற்கும், போன் வந்தால் எடுக்கும். மேலே தேய்த்தால் சத்தம் கூடும், கீழே தேய்த்தால் குறையும். முன்னால் தேய்த்தால் அடுத்த பாட்டு, பின்னால் தேய்த்தால் முந்தையது. உள்ளங்கையால் வலது கப்பை மூடினால் பாட்டு அடங்கி வெளிச்சத்தம் கேட்கும். கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேச இது போதும். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் இதை நம்பாமல், கஸ்டம் பட்டனை ஒருமுறை அழுத்தி, வெளிச்சத்தத்தை உள்ளே விடும் ஆம்பியன்ட் மோடுக்கே மாறிவிடுங்கள்.

படி 6: மீட்டிங்கில் சத்தம் கெடுவதைத் தடுப்பது

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களை அதிகம் வதைப்பது இந்தப் பிரச்சினை. சாதாரண புளூடூத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாட்டுக்கானது: தரம் அதிகம், ஆனால் சத்தம் ஒரு திசையில்தான் போகும். இன்னொன்று, போன் பேச்சுக்கானது: இரு திசையிலும் போகும், ஆனால் ஒலியை நொடிக்கு 8,000 அல்லது 16,000 முறை மட்டுமே அளந்து மாதிரி எடுக்கும், சிடியில் அது 44,100. ஏதாவது ஒரு செயலி ஹெட்போனின் மைக்கைத் திறந்த கணமே கருவி இரண்டாம் வழிக்குத் தாவிவிடுகிறது. கிணற்றுச் சத்தம் அப்போதுதான் வருகிறது.

தீர்வு இது. ஜூம், டீம்ஸ், மீட் எதுவானாலும் ஆடியோ செட்டிங்குக்குப் போங்கள். ஸ்பீக்கர் என்ற இடத்தில் ஹெட்போனையும், மைக் என்ற இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுங்கள். ஸ்பீக்கர் பட்டியலில் ஹெட்போன் பெயர் இரண்டு முறை வந்தால் ஹேண்ட்ஸ்-ஃப்ரீ என்று இருப்பதை விட்டுவிட்டு ஸ்டீரியோ என்று இருப்பதை எடுங்கள். அப்படியும் மாறவில்லையென்றால் பின்னால் திறந்து கிடக்கும் வேறு செயலி ஏதோ மைக்கைப் பிடித்து வைத்திருக்கும், அதை மூடுங்கள். சுற்றிலும் இரைச்சலான இடத்தில் மட்டும் ஹெட்போன் மைக்குக்கே மாறுங்கள். உங்களுக்குத் தரம் குறைந்தாலும் எதிரில் இருப்பவருக்குப் பேச்சு புரியும்.

படி 7: எல்டாக், விட்டுவிட்டு வரும் பாட்டு

புளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைக்குக் கோடெக் என்று பெயர். ஆண்ட்ராய்டு போனில் எல்டாக் கோடெக் கிடைக்கும். நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும். ஐபோனில் இது இல்லை, ஏஏசி மட்டும்தான். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. எக்ஸ்எம்4-ல் இரண்டு கருவி வசதியை ஆன் செய்தால் எல்டாக் கிடைக்காது. தினசரிப் பயனுக்கு இரண்டு கருவி வசதியையே தேர்ந்தெடுக்கச் சொல்வோம். பஸ் இரைச்சலில் கோடெக் வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

ரயில் நிலையம் போன்ற நெரிசலில் பாட்டு வெட்டுப்பட்டால், ஆப்பில் ஒலித்தரத்துக்குப் பதிலாக நிலையான இணைப்புக்கு முன்னுரிமை கொடுங்கள். போன் பின்பாக்கெட்டில் இருந்தால் சட்டைப்பைக்கு மாற்றுங்கள். புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நம் உடம்பில் உள்ள நீர் உறிஞ்சிவிடுகிறது. விளையாட்டுகளில் சத்தம் பின்தங்கினால் ஒயரைச் செருகிவிடுங்கள். அதைத் தவிர நல்ல வழி இல்லை.

படி 8: அன்றாடப் பராமரிப்பு

இந்த ஹெட்போன்களுக்கு நீர்த்தடுப்புச் சான்று எதுவும் இல்லை. ஜிம்முக்கும் ஓட்டத்துக்கும் போட்டுப் போகாதீர்கள். மழைத்துளி வலது கப்பில் பட்டால் விரல் பட்டதாக நினைத்துப் பாட்டு மாறும், சத்தம் ஏறும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பேடின் செயற்கைத் தோலைச் சீக்கிரம் கெடுப்பவை வியர்வையும் தலைக்கு வைக்கும் எண்ணெயும். தேங்காய் எண்ணெய் வைத்த கையோடு மாட்டினால் தலைப்பட்டை பிசுபிசுத்து, நாளடைவில் தோல் உரியும். எண்ணெய் வைத்த அன்று தலைப்பட்டையில் மெல்லிய பருத்தித் துணி உறை போடுங்கள். கழற்றியதும் பேடை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் போகும்வரை வெளியே வைத்திருந்து, பிறகு கேஸில் வையுங்கள். அழுக்கு இருந்தால் லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணி போதும். தின்னர், ஸ்பிரிட், சானிடைசர் கூடாது.

கேஸில் வைக்குமுன் பவர் பட்டனால் அணைத்துவிடுங்கள். மடித்தால் தானாக அணையாது. மறந்தால் பைக்குள் இருந்தபடியே போனோடு இணைந்திருக்கலாம். அழைப்பு வரும், பேசுபவர் குரல் பைக்குள் கேட்கும். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் இரண்டு கையால் கப்பைப் பிடித்துத் திருப்புங்கள். ஒரு கையால் இழுத்து மாட்டும் பழக்கம் கீலைத்தான் பதம் பார்க்கும். எக்ஸ்எம்5 மடங்காது, கப் மட்டும் திரும்பும், வற்புறுத்தி மடிக்காதீர்கள்.

பேட்டரியை அடிக்கடி சுழியம்வரை விடாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள். பயன்படுத்தாமல் எடுத்து வைத்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

சத்த அளவு: பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல். 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிறது. நாய்ஸ் கேன்சலிங் ஆன் செய்தபின் சத்தத்தை இரண்டு மூன்று படி குறைத்துக் கேட்டுப் பாருங்கள், குறை தெரியாது.

படி 9: எதுவும் சரிவரவில்லை என்றால்

போனின் புளூடூத் பட்டியலில் ஹெட்போனை நீக்குங்கள். ஹெட்போனை அணைத்து, சார்ஜ் ஒயர் செருகியிருந்தால் கழற்றிவிட்டு, பவர், கஸ்டம் இரண்டையும் சேர்த்து 7 விநாடிக்கு மேல் அழுத்துங்கள். நீல விளக்கு 4 முறை மின்னினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டது. படி 2-லிருந்து தொடங்குங்கள்.

படி 10: பேட் மாற்றுவது

தோல் உரிந்து கருப்புத் துகள் காதில் ஒட்டினாலோ, பேட் தட்டையாகிக் காது உள்ளே இடித்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. எக்ஸ்எம்4 பேட் பசையில் ஒட்டியதல்ல. பிளாஸ்டிக் வளையத்தில் கொக்கிகளால் மாட்டியிருக்கும். பேடுக்கும் கப்புக்கும் இடையே நகத்தையோ தட்டையான பிளாஸ்டிக் தகட்டையோ நுழைத்து ஒரு ஓரத்தைத் தூக்கினால் 'டக்' என்று முதல் கொக்கி விடும். அப்படியே சுற்றி வாருங்கள். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கப் கீறும். புதியதை வைத்து, இடது வலது சரிபார்த்து, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு சத்தம் கேட்க வேண்டும்.

இடது கப்பின் உள்ளே, காதில் மாட்டியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் இருக்கிறது. மலிவான மாற்றுப் பேடின் உள்துணி அதை மறைத்தால், கழற்றினாலும் பாட்டு நிற்காது. தடிமனும் பஞ்சும் மாறினால் பேஸும் நாய்ஸ் கேன்சலிங்கும் மாறும். அதனால் மாற்றிய உடனே மின்விசிறிக்குக் கீழே போய் படி 4-ன் சோதனையை மறுபடி செய்து பாருங்கள். விசிறிச் சத்தம் முன்னைவிடக் கூடுதலாகக் கேட்டால் ஏதோ ஒரு கொக்கி சரியாக மாட்டவில்லை, அல்லது அந்தப் பேட் இதற்குப் பொருந்தவில்லை.