கருவாட்டுத் தூள் போட்டால் முட்டை கூடுமா? மொட்டை மாடியில் சோதித்துப் பார்க்கும் விதம்

தண்டையார்பேட்டையில் ஒரு ரேஷன் கடையில் 22 வருஷம் எடை போட்டவள் நான். "கோணி எடையைக் கழிச்சியா?" என்ற கேள்வியைக் கேட்காத நாள் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மொட்டை மாடியில் 12 கோழி வளர்க்கிறேன். எங்கள் தெருவில் கோழி வளர்க்கிறவர்கள் எல்லோரிடமும் ஒரு ரகசியத் தீவனம் இருக்கிறது. ஒருத்தர் முருங்கைக் கீரை என்பார், இன்னொருத்தர் பூண்டுத் தண்ணீர் என்பார், எதிர் வீட்டு அம்மா காசிமேட்டுக் கருவாட்டுத் தூளுக்குச் சத்தியமே செய்வார். "போட்டேன், முட்டை கூடிச்சு" என்பதுதான் எல்லோருடைய சாட்சியும். எத்தனை கூடிற்று, எதை வைத்துக் கூடிற்று என்று கேட்டால் பேச்சு மாறும்.

நானும் அப்படி ஒரு முறை ஏமாந்தவள்தான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் செய்முறை.

ஒரே சமயத்தில் பொரித்த, ஒரே இனத்துக் கோழிகளாக 12 வேண்டும். நாட்டுக்கோழி இந்த வேலைக்குச் சரிப்படாது. நடுவில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தால் கணக்கு போச்சு. என்னிடம் இருப்பது நந்தனம் கோழி. நம்ம சென்னை நந்தனத்தின் பெயர்தான். அங்கே இருந்த கோழி ஆராய்ச்சி நிலையத்தில் உருவான இனம். முட்டையிட ஆரம்பித்தவுடனே சோதனையில் இறங்காதீர்கள். அந்த நாட்களில் நீங்கள் என்ன போட்டாலும் முட்டை கூடிக்கொண்டேதான் போகும், பேர் தீவனத்துக்குப் போய்விடும். கோழிக்கு 30 வார வயது ஆகட்டும்.

தடுப்பூசி போடாத கோழியை வைத்துத் தீவனம் சோதிப்பது மழையில் வடாம் காயப்போடுகிற மாதிரி. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரு வாரத்தில் கூண்டே காலி. 7ஆம் நாள் சொட்டு மருந்து, 14ஆம் நாள் கம்போரோ என்ற இன்னொரு கோழி நோய்க்கு மருந்து, 28ஆம் நாள் வாக்கில் மறுபடி சொட்டு, 8ஆம் வாரம் ஊசி என்பது பொதுவாகச் சொல்லும் வரிசை. உங்கள் கால்நடை மருத்துவர் சொல்கிற தேதியை வைத்துக்கொள்ளுங்கள். நம்ம பக்கத்துக்கு என்று ஒரு எச்சரிக்கை உண்டு. குடிநீரில் கலக்கும் தடுப்பு மருந்தை மெட்ரோ லாரித் தண்ணீரில் அப்படியே கலக்காதீர்கள். குளோரின் அதைக் கொன்றுவிடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரைக் கரைத்து, பிறகு மருந்தைச் சேருங்கள்.

அடுத்து, 12 கோழியை இரண்டு கூண்டாகப் பிரிப்பது. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். கூண்டைத் திறந்து கைக்குக் கிடைத்த ஆறைப் பிடித்து ஒரு பக்கம் விட்டால், முதலில் மாட்டுவது மந்தமான கோழிதான். துடியானதெல்லாம் கடைசியில் மாட்டும். ஆக, பிரிக்கும்போதே ஒரு கூண்டு நோஞ்சான் கூண்டு. எல்லாவற்றையும் எடை போடுங்கள். எடை வரிசையில் இரண்டிரண்டாக ஜோடி சேருங்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் காசு சுண்டிப் போடுங்கள். தலை விழுந்தால் முதல் கோழி சிவப்புக் கூண்டு, பூ விழுந்தால் நீலக் கூண்டு. காலில் அதே நிறத்தில் ஒரு வளையம் மாட்டிவிடுங்கள்.

எடை போடும் விதத்தை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோழியை மஞ்சப்பையில் போட்டுத் தொங்கு தராசில் மாட்டுங்கள், இருட்டில் அடங்கிக் கிடக்கும். பையின் எடையைக் கழியுங்கள். காலையில், தீவனம் வைக்கும் முன், ஒரே நேரத்தில் போடுங்கள். தராசையும் நம்பாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதை வைத்து வாரம் ஒரு தடவை சரிபாருங்கள்.

தீவனத்துக்கு, 50 கிலோ முட்டைக்கோழித் தீவன மூட்டை ஒன்று. ஒரு கோழிக்கு நாளைக்கு 110 கிராம் என்று வைத்தால் 12 கோழிக்கு 28 நாளில் 37 கிலோ ஆகும். இரண்டு கூண்டுக்கும் அதே மூட்டையிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு கூண்டுக்கு அப்படியே போடுங்கள். மற்றதற்கு, கிலோவுக்கு 950 கிராம் தீவனம், 50 கிராம் கருவாட்டுத் தூள். வைத்ததை எழுதி, மறுநாள் மிச்சத்தை எடை போட்டுக் கழியுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள், நம்ம ஊர் ஈரத்தில் எண்ணெய் காறிப்போகும்.

கருவாடு வாங்கும்போது கண்ணை அகல விரியுங்கள். கோழிக்கென்று வருவது பெரும்பாலும் காரப்பொடி என்கிற சின்ன மீன். மணலில் காயவைத்ததாக இருந்தால் ஒரு பிடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள், மணல் அடியில் தங்கும். மீன் விலைக்கு மணல் வாங்குவது நம் வழக்கம் இல்லையே. உப்புக் கருவாடு வேண்டவே வேண்டாம். கோழிக்கு மொத்தத் தீவனத்தில் அரை சதவீதத்துக்குள் உப்பு போதும். மீறினால் எச்சம் தண்ணீராகப் போகும், இன்னும் மீறினால் கோழியே போகும். உப்பு போடாத கருவாடு கிடைக்காவிட்டால், ராத்திரி முழுக்க ஊறவைத்து, இரண்டு தடவை தண்ணீரை மாற்றிக் கொட்டி, முறுகக் காயவைத்து இடியுங்கள்.

சொந்தமாகத் தீவனம் கலக்கிறவர்களுக்குக் கடலைப் புண்ணாக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகையில் அதில் பூசணம் பிடித்தால் வெயிலில் காயவைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். பூசணம் சாகும், அது விட்டுப்போன நஞ்சு சாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேல் வான்கோழிகள் செத்தன. என்ன நோய் என்று தெரியாமல் 'எக்ஸ்' என்று பேர் வைத்தார்கள். கடைசியில் அகப்பட்டது தீவனத்திலிருந்த கடலைப் புண்ணாக்கு. அஃப்ளாடாக்சின் என்ற பேர் உலகத்துக்குத் தெரிந்ததே அப்போதுதான். பூசணம் கண்டால் குப்பையில் கொட்டுங்கள், காசு பார்க்காதீர்கள்.

கிளிஞ்சல் இரண்டு கூண்டுக்கும் சமமாக வையுங்கள், அதுவும் சாயங்காலம். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் பிடிக்கும், அதில் பெரும்பகுதி ராத்திரி. நொய் மாதிரி பருமனாக இருந்தால் இரைப்பையில் தங்கி மெல்லக் கரைந்து ராத்திரிக்கு உதவும். மாவாக இடித்தால் அந்தப் பலன் இல்லை.

இனி நான் ஏமாந்த கதை.

போன வருஷம் கார்த்திகையில் ஆரம்பித்தேன். தெருப் பக்கக் கூண்டுக்குக் கருவாடு, சுவர்ப் பக்கக் கூண்டுக்கு வெறும் தீவனம். 28 நாள். ஆறு கோழி, 28 நாள் என்றால் 168 கோழிநாள். கருவாட்டுக் கூண்டில் 104 முட்டை, மற்றதில் 88. நூற்றுக்கு 62, நூற்றுக்கு 52. எதிர் வீட்டு அம்மாவிடம் போய் "நீங்க சொன்னது சரிதாம்மா" என்று சொல்லிவிட்டும் வந்தேன்.

அதற்கப்புறம் எனக்கு முட்டி வலி. மாடி ஏறுகிற வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். மூன்று வாரம் கழித்து ஏறிப் பார்த்தால், தீவன டின்களை இடம் மாற்றி வைத்திருக்கிறாள். சுவர்ப் பக்கக் கோழிகள் 21 நாளாகக் கருவாடு தின்றுகொண்டிருக்கின்றன. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு நோட்டைப் புரட்டினேன். தெருப் பக்கம் 77, சுவர்ப் பக்கம் 66. கருவாடு இடம் மாறிய பிறகும் முட்டை இடம் மாறவில்லை.

அன்று ராத்திரி எட்டு மணிக்கு மாடியில் நின்றபோதுதான் புரிந்தது. தெருவிளக்கு. புது வெள்ளை எல்இடி, நேராகத் தெருப் பக்கக் கூண்டுக்குள் அடிக்கிறது. சுவர்ப் பக்கம் கும்மிருட்டு. முட்டைக்கோழிக்கு ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் வேண்டும். மார்கழியில் சென்னையில் பகல் பதினொன்றரை மணிதான். தெருவிளக்கு இட்ட முட்டையைக் கருவாட்டின் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

இந்த மாதிரி தற்செயலுக்கு ஒரு மூத்த கதை உண்டு. ரேஷன் கடைக்காரி என்பதால் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்றைய ஜகார்த்தா அப்போது பட்டாவியா. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான் பெரிபெரி நோய்க்குக் கிருமி தேடிக்கொண்டிருந்தார். 1889 வாக்கில் அவருடைய ஆய்வுக்கூடக் கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. சில மாதத்தில் தாமாகவே எழுந்து நடந்தன. விசாரித்தால், நடுவில் அந்தக் கோழிகளுக்கு ராணுவ ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு போயிருக்கிறது. புதிதாக வந்த சமையல்காரர் 'ராணுவ அரிசி ராணுவத்துக்குத்தான், கோழிக்கு இல்லை' என்று நிறுத்திவிட்டார். அதோடு கோழிகளும் தேறிவிட்டன. எங்கள் கடையில் இருந்திருக்க வேண்டிய ஆள்! தவிட்டோடு போன அந்தச் சத்துதான் பிற்பாடு வைட்டமின் பி1 ஆனது, எய்க்மானுக்கு 1929இல் நோபல் கிடைத்தது. அவரே முதலில் காரணத்தைத் தப்பாகத்தான் நினைத்தார், சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது என்று. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் என்பவர்தான் 1901இல், சோற்றில் இருப்பது அல்ல, இல்லாததுதான் பிரச்சினை என்று திருத்தினார். செங்குன்றம் மில்லில் தவிடு வாங்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமையல்காரர் நினைவு வரும்.

அதற்குப் பிறகு நான் செய்கிற மாதிரியே நீங்களும் செய்யுங்கள். இரண்டு கூண்டுக்கும் ஒரே மாதிரி பல்பு, சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை. தெரு வெளிச்சத்துக்குச் சாக்குப் படுதா. மூன்று வாரம் அப்படியே விடுங்கள், கோழி பழகட்டும். பிறகு 14 நாள், இரண்டு கூண்டுக்கும் ஒரே தீவனம் போட்டு முட்டையை மட்டும் எண்ணுங்கள். இதை வீண் வேலை என்று தாண்டிப் போகாதீர்கள், எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். என் கூண்டுகளில் அந்த 14 நாளில் 46, 49 வந்தது. ஒன்றுமே மாற்றாதபோதே மூன்று முட்டை வித்தியாசம். ஆக 28 நாளில் ஆறு முட்டை கூடினால் அதற்காக யாரும் பாயசம் வைக்க வேண்டாம்.

அதன் பிறகு 28 நாள் ஒரு கூண்டுக்குக் கருவாடு. முடிந்ததும் டின்னை மாற்றுங்கள், இந்தத் தடவை வேண்டுமென்றே. மாற்றிய முதல் பத்து நாளைக் கணக்கில் சேர்க்காமல் அடுத்த 28 நாளை எண்ணுங்கள். எந்த டின்னில் எது என்பது எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. நான் முதல் தடவை எண்ணியபோது கருவாட்டுக் கூண்டில் கீறல் விழுந்த முட்டையைச் சேர்த்துக்கொண்டேன், மற்றதில் தள்ளிவிட்டேன் என்று இப்போது சந்தேகம். கை அப்படித்தான் சாயும். இப்போது கலப்பது பேத்தி, எண்ணுவது நான். கருவாட்டு வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் டின்னை அவளே கொட்டுவாள், தீவனம் தீர்ந்த பிறகு நான் மாடி ஏறுவேன்.

ஒரு கோழி செத்தால் கணக்கைக் கைவிட வேண்டாம். அது உயிரோடிருந்த நாள் வரை மட்டும் கோழிநாளில் சேருங்கள். சோதனை நடுவில் குடற்புழு மருந்து, புதுச் சத்து மருந்து எதுவும் வேண்டாம். அப்படி நோய் வந்து வைத்தியம் பார்க்க வேண்டியிருந்தால் வைத்தியம்தான் முதலில். நோட்டை மூடிவிட்டு வேப்பேரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்கோ கொண்டு போங்கள். பக்கத்து மாடியிலிருந்து மிச்ச இட்லியை வீசுகிறவர்களிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள். கத்திரி வெயிலில் ஆரம்பிக்காதீர்கள். கோழி வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது தீனியும் குறையும், ஓடும் மெலியும்.

எனக்கு வந்த விடை இது. கருவாடு தின்ற 336 கோழிநாளில் 188 முட்டை, தின்னாத 336இல் 187. ஒரே ஒரு முட்டை. ஆனால் எடை போட்டுவைத்த பழக்கம் வேறொன்றைக் காட்டியது. கருவாடு தின்ற கூண்டின் முட்டை சராசரி 51.4 கிராம், மற்றது 49.6. டின் மாற்றியபோது இந்த வித்தியாசமும் கூடவே மாறியது. மீனில் உள்ள மெத்தியோனின் என்ற புரதக்கூறு முட்டையைப் பெரிதாக்கும் என்பது தெரிந்த விஷயம்தான். எண்ணி விற்கிற முட்டையில் ரெண்டு கிராமால் எனக்கு என்ன லாபம்? அதோடு ஒரு கோழியின் முட்டையில் மீன் கவுச்சி வேறு. பழுப்பு முட்டையிடும் கோழிகளில் சிலதுக்கு அந்த வாடைப் பொருளை உடம்பில் சிதைக்கிற திறன் பிறவியிலேயே குறைவு. பேத்தி அந்த ஆம்லெட்டைத் தொடவே இல்லை.

இப்போது முருங்கைக் கீரை ஓடுகிறது. 14 நாள் எண்ணியாயிற்று, டின்னுக்கு ரிப்பன் கட்டியாயிற்று. நேற்று எதிர் வீட்டு அம்மா படியேறி வந்து, "இன்னா யக்கா, எந்தக் கூண்டுக்குக் கீரை போட்டுக்கினு கீற?" என்று கேட்டார்.

"எனுக்கே தெரியாதும்மா" என்றேன். நம்பாமல் இறங்கிப் போனார்.