தீப்பொறி வந்தால் மட்டும் போதுமா? சிறு ராக்கெட் எஞ்சின் இக்னைட்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிய திரவ எரிபொருள் ராக்கெட் எஞ்சினை மாதக்கணக்கில் வடிவமைப்பவர்கள் அதைப் பற்றவைக்கும் கருவியான இக்னைட்டரைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுவது வழக்கம். 'ஒரு ஸ்பார்க் பிளக், இரண்டு குழாய், அவ்வளவுதானே' என்ற நினைப்பு. ஆனால் ஆக்சிஜனும் மீத்தேனும் வாயுவாக ஒரு சிறு அறைக்குள் வந்து, பிளக்கின் பொறியில் பற்றி, எஞ்சினின் எரியறையான பிரதான சேம்பருக்குள் தீச்சுடராகப் பாய வேண்டும். அதற்கும் சேம்பர் அழுத்தம், கலவை விகிதம், சூடு என்ற எல்லாத் தொல்லையும் உண்டு. அதுவே ஒரு குட்டி எஞ்சின்தான்.

பெரும்பாலான தவறுகள், அதை வேலை செய்யப்போகும் சூழலில் சோதிக்காததால் வருகின்றன. பொறியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் திறந்த காற்றில் பளிச்சென்று அடிக்கும். 1 மி.மீ. இடைவெளியைத் தாண்ட அங்கே சில ஆயிரம் வோல்ட் போதும். அழுத்தம் ஏறினால் அந்தத் தேவையும் ஏறும். அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண்ணே இதைத் தீர்மானிக்கிறது என்று ஜெர்மன் இயற்பியலாளர் பாஷென் 1889-லேயே சொல்லிவிட்டார். பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலால் அவ்வளவு வோல்ட் தர முடியாவிட்டால், மின்சாரம் சுலபமான வழியைத் தேடிக்கொள்ளும்: பீங்கானின் வெளிப்பக்கம், பிளக் தொப்பியின் விரிசல், வயரின் தேய்ந்த இடம். வெளியே 'டிக் டிக்' என்று கேட்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அதனால் இடைவெளியைக் குறையுங்கள், வாயு வரும் முன்பே பொறியைத் தொடங்கிவிடுங்கள், நைட்ரஜன் நிரப்பி அழுத்தம் ஏற்றிய கண்ணாடி சன்னல் உள்ள அறையில் பொறியைக் கண்ணால் பாருங்கள். வெற்றிடத்தில் பற்றவைப்பது தனிக் கதை. இஸ்ரோ தன் சி.இ.20 ராக்கெட் எஞ்சினுக்காக மகேந்திரகிரியில் 2025 பிப்ரவரியில் அந்தச் சூழலை உருவாக்கித்தான் சோதித்தது.

அடுத்தது, வாயுவை இக்னைட்டருக்குள் விடும் துளைகள். துளைக்கு முன்னால் உள்ள அழுத்தம் பின்னால் உள்ளதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருந்தால், துளையில் வாயு ஒலிவேகத்தை எட்டும். அதன்பின் உள்ளே அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஓட்டம் மாறாது. இதைக் கெடுப்பது இரண்டு விஷயங்கள். ஒன்று, மீட்டர் காட்டும் எண்ணை அப்படியே கணக்கில் போடுவது. வளிமண்டல அழுத்தத்தையும் அதோடு கூட்ட வேண்டும். மற்றது, பிரதான எஞ்சின் பற்றியதும் சேம்பர் அழுத்தம் ஏறி இக்னைட்டரை எதிர்த்துத் தள்ளும் என்பதை மறப்பது. தனியாக ஓடும்போது அருமையாக எரிந்த இக்னைட்டர் அப்போது கலவை மாறித் தடுமாறும். மோசமானால் சூடான வாயு குழாய்க்குள் திரும்பி வரும். இரண்டு குழாயிலும் வாயுவை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு இல்லாமல் இயக்கவே கூடாது.

கலவை விகிதத்தில் பேராசை வேண்டாம். 1 கிலோ மீத்தேனுக்கு 4 கிலோ ஆக்சிஜன் என்றால் முழுதாக எரியும், சரி. ஆனால் அந்தச் சூட்டுக்குமுன் 1085 டிகிரி செல்சியஸில் உருகும் செம்புச் சுவர் என்ன செய்யும்? எரிபொருளைத் தாராளமாக விட்டு, ஓரிரு நொடியில் நிறுத்துங்கள். ஆக்சிஜன் மிகுந்தால் சூடேறிய எஃகு தானே எரியத் தொடங்கலாம்.

அப்புறம் வரிசை. கேஸ் அடுப்பின் திருகைத் திறந்துவிட்டு லைட்டரைத் தேடினால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். பிரதான வால்வுகள் திறந்து, பற்றவைப்பு தாமதித்தால், சேர்ந்த எரிபொருள் ஒரே நேரத்தில் பற்றிச் சேம்பரையே பிளக்கலாம். இதற்குப் பெயர் ஹார்ட் ஸ்டார்ட். 'பொறிக்குக் கட்டளை போய்விட்டது' என்பது பற்றியதற்குச் சாட்சி ஆகாது. இக்னைட்டருக்குள் அழுத்தம் ஏறியதைச் சென்சார் சொன்ன பிறகே பிரதான வால்வு திறக்க வேண்டும். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளை மட்டும் நம்பாதீர்கள், அது மெதுவானது. குறித்த நேரத்தில் பற்றவில்லையா? எல்லாவற்றையும் மூடி, உள்ளே மிஞ்சிய வாயுவை நைட்ரஜனால் வெளியேற்றிவிட்டுத்தான் மறுமுயற்சி, அதுவும் தூரத்திலிருந்து.

நாசாவே இதில் அடி வாங்கியிருக்கிறது. 1968 ஏப்ரல் 4 அன்று ஆளில்லாமல் பறந்த அப்பல்லோ 6 பயணத்தில், ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தின் ஒரு ஜே-2 எஞ்சின் நடுவழியில் நின்றது. மூன்றாம் கட்ட எஞ்சின் மறுபடி பற்றவே இல்லை. காரணம், ஸ்பார்க் இக்னைட்டருக்கு ஹைட்ரஜன் கொண்டுபோன மெல்லிய குழாயின், வளைந்துகொடுக்கும் மடிப்புப் பகுதி அதிர்ந்து உடைந்ததுதான். தரைச் சோதனையில் அது ஏன் உடையவில்லை? குளிரில் காற்று திரவமாகி அந்த மடிப்புகளில் படிந்து, அதிர்வை அடக்கியிருந்தது. விண்வெளியில் காற்று ஏது? மடிப்பை எடுத்துவிட்டு வளைவுகள் உள்ள விறைப்பான குழாயைப் போட்டார்கள்.

ஆக்சிஜன் பக்கம் கிரீஸ், எண்ணெய், உலோகத் துகள் ஒன்றும் கூடாது. ஆக்சிஜன் வால்வைச் சட்டென்று திறக்கவும் கூடாது, அழுத்தத்தாலேயே வாயு சூடேறும். கடைசியாக, ஸ்பார்க் காயிலின் மின் இரைச்சல், பக்கத்தில் வால்வுகளை இயக்கும் மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட் செய்யும், சென்சாரில் பொய் எண்களைக் காட்டும். ரெசிஸ்டர் உள்ள பிளக், ஷீல்டு போட்ட வயர், ஒரே இடத்தில் எர்த் இருக்கட்டும். எரிபொருள் இல்லாமல், ஆனால் காயில், வால்வு, சென்சார் எல்லாம் ஒன்றாக ஓட, முழு வரிசையையும் நடத்திப் பாருங்கள். வால்வு தானாகத் திறந்தால் அது அன்றைக்கே தெரிந்துவிடும்.