கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள், பார்க்கலாம்

செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவருக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். பாதங்கள் இரண்டையும் ஒட்டி வைத்துக் கண்ணை மூடுங்கள். உடம்பு லேசாக ஆடுகிறதா? ஆடத்தான் செய்யும். நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று வழிகளில் தகவல் போகிறது: கண், உள்காது, மூன்றாவதாகத் தசையிலும் மூட்டிலும் பாதத் தோலிலும் இருக்கிற உணர்விகள். கண் ஒதுங்கிக்கொண்டதும் மற்ற இரண்டும் சமாளித்தாக வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மருத்துவர் ரோம்பெர்க் விவரித்த இந்தச் சோதனையை நரம்பு மருத்துவர்கள் இன்றும் செய்து பார்க்கிறார்கள்.

எனக்கு இது தெரிய வந்ததே கணுக்கால் பிசகிய பிறகுதான். வீக்கம் வற்றி, வலி போய், நடக்கவும் ஆரம்பித்தாயிற்று. ஆனால் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகியது. சுளுக்கில் தசைநாரோடு அதிலுள்ள உணர்விகளும் அடிபடுகின்றன. வலி போனாலும் அவை தானாகத் தேறிவிடுவதில்லை, பழக்கித்தான் எடுக்க வேண்டும். அதற்கான மூன்று பயிற்சிகளைத்தான் கீழே சொல்கிறேன்.

தலைசுற்றல் உள்ளவர்கள், சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள், அண்மையில் விழுந்தவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கண்ணை மூடும் பயிற்சி அவர்களுக்கு வேண்டாம்.

முதல் படி: ஒற்றைக்கால்

அடுப்பு எரியாத நேரத்தில் சமையல் மேடை ஓரம் நில்லுங்கள். ஒரு விரல் மேடையைத் தொட்டிருக்கட்டும். ஒரு காலைத் தூக்கி 10 நொடி. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், 51 முதல் 75 வயதுக்காரர்கள் 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் எதையும் பிடிக்காமல் இந்த 10 நொடி நிற்க முடியவில்லை. ஆகவே முதல் நாள் தடுமாறினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிற்கும்போது கவனம் முழுக்கப் பாதத்தில். பெருவிரலின் அடிமேடு, சுண்டுவிரலின் அடிமேடு, குதிகால், இந்த மூன்றிலும் எடை சமமாக இறங்குகிறதா பாருங்கள். விரல்களைச் சுருட்டித் தரையைப் பிடிக்காதீர்கள். முழங்காலை விறைக்காமல் கொஞ்சம் தளர்த்துங்கள். மூச்சை அடக்காதீர்கள், எல்லாரும் செய்கிற தப்பு இதுதான்.

30 நொடி சுலபமாக வந்ததும் தலையை மெல்ல இடமும் வலமும் திருப்புங்கள். அதுவும் பழகிய பிறகுதான் கண்ணை மூடுவது.

இரண்டாவது: டைல்ஸ் கோடு

தரையின் கோட்டில், ஒரு காலின் குதிகால் மற்றதன் விரல் நுனியைத் தொடும்படி அடி வையுங்கள். போக 10 அடி, வர 10 அடி. பார்வை எதிர்ச்சுவரில் இருக்கட்டும், குனிந்து பார்க்கக் கூடாது.

மூன்றாவது: பாண்டி

சின்ன வயதில் சில்லு எறிந்து நொண்டியடித்த அதே பாண்டிதான். கண்ணும் கையும் சேர்ந்து எறிகின்றன, ஒற்றைக்கால் கட்டத்துக்குள் அளந்து இறங்குகிறது, பிறகு அதே காலில் குனிந்து சில்லை எடுக்க வேண்டும். அந்தக் குனிதல்தான் கஷ்டமான இடம். குதிப்பு வேண்டாம் என்றால் அதை மட்டும் செய்யுங்கள்: ஸ்டூல் மேல் ஓர் எலுமிச்சம்பழம், ஒரு கையால் சுவரைப் பிடித்து, இடுப்பிலிருந்து குனிந்து எடுத்து, திரும்ப வையுங்கள். காலுக்கு ஐந்து முறை போதும்.

வாரம் நான்கைந்து நாள், தலா பத்து நிமிடம். வலது, இடது கால்களின் நொடிகளைக் காலண்டரில் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். என் பிசகிய இடது கால், கண்ணை மூடினால், இன்னும் 12ஐத் தாண்டவில்லை.