பிசிஎன்எல் டேபிள்ல பேஷண்ட்ட படுக்க வைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட்னி ஸ்டோனுக்கு பிசிஎன்எல் (தோல்ல சின்னத் துளை போட்டு அது வழியா கல்லை எடுக்குற ஆபரேஷன்) பண்ணும்போது எல்லார் கண்ணும் பங்சர், அதாவது கிட்னிக்குள்ள ஊசி, சரியா விழுதாங்குறதுல தான் இருக்கு, ஆனா பேஷண்ட்ட படுக்க வைக்கிறதுல விட்ட தப்பு அவரு வார்டுக்குப் போனப்புறம் தான் தெரியும். மயக்கத்துல இருக்குறவரால "கை மரத்துப் போச்சு"ன்னு சொல்ல முடியாதுல்ல, அதான் நாம பாக்கணும்.

முதல்ல யூரிட்டரிக் கதீட்டர் (சிறுநீர்க்குழாய்க்குள்ள விடுற மெல்லிய ட்யூப்) போட லித்தாட்டமில, அதாவது மல்லாந்து படுக்க வச்சு காலை மடக்கி விரிச்சுத் தூக்குவோம். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ வெளிப்பக்கமா ஒரு எலும்பு முண்டு தட்டுப்படும், உங்க கால்லயே தொட்டுப் பாருங்க, அதைச் சுத்தி தான் பெரோனியல் நரம்பு தோலை ஒட்டி ஓடுது. காலைத் தாங்குற ஸ்டிரப் கம்பி அங்க அழுத்துச்சுன்னா பாதத்தைத் தூக்கவே முடியாமப் போயிடும், சில பேருக்கு மாசக்கணக்குல ஆகும் சரியாக. பேட் வைக்காம காலை மாட்டாதீங்க. ரெண்டு காலையும் ஒண்ணா தூக்கி ஒண்ணா, மெதுவா இறக்கணும், படக்குன்னு இறக்குனா பிபி விழும்.

அப்புறம் ப்ரோன், அதாவது குப்புறப் படுக்க வைக்கிறது. திருப்பும்போது தலையும் மூச்சு ட்யூபும் அனஸ்தடிஸ்ட் கையில, அவரு சொன்னா தான் திருப்பணும், திருப்பி முடிச்சதும் ரெண்டு பக்க நுரையீரலுக்கும் காத்து போகுதான்னு (ஏர் என்ட்ரி) பாத்தே ஆகணும். நிறைய பேரு பண்ற தப்பு வயித்துக்கு அடியில போல்ஸ்டர் (உருளைத் தலகாணி) வைக்கிறது. நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தான் சப்போர்ட், வயிறு ஃப்ரீயா தொங்கணும், இல்லன்னா உதரவிதானம் மேல தள்ளி ஏர்வே பிரஷர் ஏறும், வீனா கேவா (இதயத்துக்கு ரத்தம் திரும்பப் போற பெரிய நாளம்) அமுங்கி பிபி குறையும். கையைத் தோள்ல இருந்து 90 டிகிரிக்கு மேல விரிக்காதீங்க, பிரேக்கியல் பிளெக்சஸ் (கைக்குப் போற நரம்புக் கொத்து) இழுபடும். முழங்கைக்கு அடியில ஜெல் பேட் வைங்க. கண்ணு மேல எதுவும் அழுத்தக் கூடாது, இதுல மட்டும் சமரசமே கிடையாது, அரிதா பார்வையே போயிருக்கு. பெண்களுக்கு மார்பு, ஆண்களுக்கு விரை அமுங்கியிருக்கான்னும் பாருங்க.

1987ல ஸ்பெயின் டாக்டர் வால்டிவியா எழுதினதுல இருந்து வந்த சுப்பைன் (மல்லாந்து படுக்க வைக்கிற) முறையில இந்தத் திருப்புற வேலையே இல்ல, ஆனா அதுலயும் ஒரு தப்பு அடிக்கடி நடக்குது: விலாவை டேபிள் ஓரத்துக்கு இழுக்காம விட்டுடுறாங்க, அப்புறம் கிட்னிக்குள்ள பாக்குற நெஃப்ரோஸ்கோப்பைச் சாய்க்கும்போது டேபிள் இடிக்குது. பின் அக்குள் கோட்டை (அக்குளோட பின் ஓரத்துல இருந்து நேரா கீழ இறங்குற கோடு) பேஷண்ட் நேரா படுத்திருக்கும்போதே மார்க் பண்ணிடுங்க, விலாவைத் தூக்குனதுக்கு அப்புறம் தோல் நகர்ந்திடும்.

டிரேப் (உடம்பை மூடுற ஸ்டெரைல் துணி) போடுறதுக்கு முன்னாடி சி-ஆர்ம் எக்ஸ்ரே மெஷினை உள்ள விட்டு ஒரு தடவை பாருங்க, டேபிள் கம்பி கிட்னிய மறைச்சா அப்பவே நகர்த்திக்கலாம்.

மயக்கம் தெளிஞ்சதும் விரலையும் பாதத்தையும் அசைக்கச் சொல்லிப் பாத்து அதை நோட்ஸ்ல எழுதுங்க.