பெருந்தொற்றுக் காலத்தில் பெண்களின் விழிப்புணர்வை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா பரவிய ஆண்டுகளில் இந்தியா, வங்கதேசம் போன்ற குறைந்த நடுத்தர வருமான நாடுகளில் அந்நோய் குறித்த பெண்களின் விழிப்புணர்வையும் மனப்பான்மையையும் பற்றி ஏராளமான ஆய்வுகள் நடந்தன. அவற்றை வாசிப்போரும், அடுத்த நோய்ப் பரவலின்போது இத்தகைய ஆய்வை மேற்கொள்ளவிருக்கும் மாணவர்களும் களப்பணியாளர்களும் சில தவறுகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. வசதியின்மையை அறியாமை என்று பதிவு செய்துவிட்டால், அதற்குத் தேடும் தீர்வும் பிழையாகவே அமையும்.

ஊரடங்கின்போது நேரில் செல்ல இயலாததால், பலர் கூகுள் படிவத்தை வாட்ஸ்அப் வழியே அனுப்பி விடைகளைத் திரட்டினர். ஆனால் 2019–21இல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்தோர் 54 விழுக்காட்டினர். இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்தியோர் 33 விழுக்காட்டினர் மட்டுமே. அப்படிவம் சென்றடைந்தவர்கள் பெரும்பாலும் படித்த, நகர்ப்புறப் பெண்கள். அவர்கள் சொன்ன விடையை நாட்டுப் பெண்கள் அனைவரின் விடையாக எழுதுவது முதல் தவறு. தொலைபேசிப் பேட்டியும் முழுத் தீர்வாகாது. வீட்டுக்கு ஒரே கைபேசி என்றால், பக்கத்தில் கணவரோ மாமியாரோ இருக்கையில் சொல்லப்படும் விடையே நமக்குக் கிடைக்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, விதிகள் ஏற்படுத்திய தடையைப் பெண்களின் தயக்கமாகக் கொள்வதாகும். இந்தியாவில் தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று தொடங்கியபோது, கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதில் சேர்க்கப்படவில்லை. தடுப்பூசிச் சோதனைகளில் அவர்கள் இடம்பெறாததால் போதிய தரவு இல்லை என்பதே காரணம். பாலூட்டுவோருக்கு மே மாதத்திலும், கருவுற்றோருக்கு ஜூலையிலும்தான் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ ஐந்தரை மாதம் ‘உங்களுக்கு வேண்டாம்’ என்று கேட்டுப் பழகிய ஒரு கர்ப்பிணி ஆகஸ்டில் தயங்கினால், அதை அவருடைய மனப்பான்மைக் குறை என்று எப்படி எழுதுவது? மேலும், 18 வயது முதல் 44 வயது வரையிலானோர் மே மாதத் தொடக்கத்தில் தடுப்பூசிக்கான அரசு இணையதளமான கோவினில் முன்பதிவு செய்தாக வேண்டியிருந்தது. தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகள் அத்தளத்தில் ஜூன் மாதத்தில்தான் வந்தன. ஆகவே, தரவு திரட்டப்பட்ட மாதத்தையும் அப்போது நடைமுறையில் இருந்த விதியையும் குறிப்பிடாத ஆய்வு முடிவை எச்சரிக்கையுடனேயே வாசிக்க வேண்டும்.

வதந்தியை மறுக்கும் வேகத்தில் அதன் பின்னுள்ள கேள்வியையும் ஒதுக்கிவிடுவது இன்னொரு தவறு. மாதவிடாய் நாட்களையொட்டித் தடுப்பூசி போடக் கூடாது என்று 2021 ஏப்ரலில் பரவிய செய்தியை அரசு மறுத்தது. அந்த மறுப்பு சரியானதே. ஆயினும், தடுப்பூசியால் மாதவிடாய் சுழற்சி மாறுமா என்று கேட்ட பெண்களை மூடநம்பிக்கை கொண்டோர் பட்டியலில் சேர்த்தது அவசரச் செயல். 2022 ஜனவரியில் வெளியான, ஏறத்தாழ 4,000 பேரை உள்ளடக்கிய அமெரிக்க ஆய்வொன்று, தடுப்பூசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டதைக் கண்டது. மாற்றம் சிறியது, கவலைக்குரியதன்று, கேள்வி நியாயமானது.

அறிந்தவர் செய்வார் என்று கருதுவதும் தவறு. கை கழுவுகிறீர்களா, முகக்கவசம் அணிகிறீர்களா என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல விரும்புவதில்லை. வங்கதேசத்தில் 600 கிராமங்களில் நடந்த ஆய்வில், முகக்கவசப் பயன்பாடு பொது இடங்களில் நேரில் பார்த்தே எண்ணப்பட்டது. இலவச முகக்கவசமும் அணியாதோருக்கு நேரில் நினைவூட்டலும் கிடைத்த ஊர்களில் முறையாக அணிவோர் 42 விழுக்காட்டினர். மற்ற ஊர்களில் 13 விழுக்காட்டினர். குறுஞ்செய்தி நினைவூட்டல்களால் கூடுதல் பயன் இல்லை.

கடைசியாக, முடிவெடுப்பவர் யார் என்பதைக் கேட்காமல் விடுதல். சந்தை, மருத்துவமனை, ஊருக்கு வெளியேயுள்ள இடம் ஆகிய மூன்றுக்கும் தனியாகச் செல்ல அனுமதியுள்ள பெண்கள் 42 விழுக்காட்டினரே என்று அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு கூறுகிறது. நோயின் அறிகுறிகளைப் பற்றிப் பத்துக் கேள்விகள் கேட்கும் வினாத்தாளில், ‘காய்ச்சல் வந்தால் யாரையும் கேட்காமல் மருத்துவமனைக்குச் செல்ல உங்களால் முடியுமா, அதற்கான பணம் யார் கையில் இருக்கிறது’ என்ற கேள்விகளும் இடம்பெற வேண்டும்.