வார்டுக்கு எடுத்துப் போகும் சாப்பாடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் ஒயர் கூடைகள் வரிசையாக உள்ளே போகும். ஹாட்பாக்ஸில் இட்லி, ஃபிளாஸ்க்கில் கஞ்சி, கூடவே ஓர் இளநீர். படுத்திருப்பவருக்குத் தெம்பு வர வேண்டும் என்ற தவிப்புதான் அதில் முழுக்க இருக்கிறது. அந்தத் தவிப்பை மதிக்கிறேன். ஆனால் கேஸ் ஷீட்டில் 'ரீனல் டயட்' (சிறுநீரக நோயாளிக்கான உணவு) என்றோ 'உப்பு குறைவு' என்றோ எழுதியிருந்தால், அது ஊசி மருந்துக்கு எழுதும் உத்தரவைப் போன்றதுதான். யாருக்கு, எந்த நோயில், எந்தக் கட்டத்தில் என்று பார்க்காமல் 'உடம்புக்கு நல்லது' என்று எந்தச் சாப்பாட்டையும் சொல்லிவிட முடியாது. வார்டில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

சிறுநீரக நோயாளிக்கு இளநீரும் சூப்பும்

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் உயிர் போகும். சிறுநீரகம் செயலிழந்தவரின் உடம்பால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போனால், வலியோ காய்ச்சலோ காட்டாமலே இதயத் துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். பொட்டாசியம் ஏறும் நோயாளிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2000 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தச் சொல்வது வழக்கம். நடுத்தர அளவு இளநீர் ஒன்றிலேயே ஏறக்குறைய 600 மில்லிகிராம் இருக்கும். வாழைப்பழம், சாத்துக்குடி ஜூஸ், தக்காளி சூப் எல்லாம் அதன் மேல் சேர்ந்துகொண்டே போகும். ஸ்டார் ஃப்ரூட்டைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு சிறுநீரக நோயாளியின் மூளையைத் தாக்கி வலிப்பு வரை கொண்டுபோகும்.

வாழைத்தண்டுச் சாறு இன்னொரு குழப்பம். சிறுநீரகக் கல்லுக்கு அதைக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. 'கிட்னி பிரச்சினை' என்ற ஒரே பெயருக்குள் கல்லும் வரும், செயலிழப்பும் வரும் என்பதால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறிக் கிடப்பவருக்கும் அதையே பிழிந்து கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கு அதுவும் பொட்டாசியச் சுமைதான்.

காய்கறியைச் சிறிதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைக்கச் சொல்கிறோம். பொட்டாசியத்தில் ஒரு பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஆனால் 'சத்தெல்லாம் போய்விடுமே' என்று அதையே வடிகட்டி, மிளகுத்தூள் போட்டு, சூப்பாக எடுத்து வருகிறார்கள். விலக்கச் சொன்ன பகுதிதான் அந்தக் கிண்ணத்தில் இருக்கிறது.

எல்லாச் சிறுநீரக நோயாளிக்கும் ஒரே கட்டுப்பாடு கிடையாது. ரத்தப் பரிசோதனையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் கணக்கே மாறிவிடும். அதற்கு முன்னால் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். தொடங்கிய பிறகு ஒவ்வொரு சுழற்சியிலும் புரதம் இழப்பாவதால், உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1 முதல் 1.2 கிராம் வரை சாப்பிட வேண்டும். பழைய சீட்டை மடித்து வைத்துக்கொண்டு முட்டையின் வெள்ளைக்கருவைக்கூடத் தராமல் இருப்பதால், உடம்பு கரைந்துபோன எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று.

தண்ணீர்க் கணக்கிலும் தவறு நடக்கிறது. 'ஒரு லிட்டர்தான்' என்றால் குடிதண்ணீர் மட்டுமல்ல. காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் சேர்த்துத்தான். எளிய வழி ஒன்று உண்டு. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வையுங்கள். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். மிச்சம் எவ்வளவு என்று நோயாளிக்கே கண்ணில் தெரியும்.

இந்துப்பு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை

பிளட் பிரஷர், இதயச் செயலிழப்பு, கால் வீக்கம் உள்ளவர்களுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால் வீட்டில் இந்துப்புக்கு மாறிவிடுகிறார்கள். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கும் 'லோ சோடியம்' உப்பில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். சிறுநீரகம் பழுதானவர்கள் அதை வாங்கவே கூடாது. பிரஷருக்குச் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு, வாய்க்கு ருசியில்லை என்று ஓரமாக ஊறுகாயும் அப்பளமும் வைத்தால் குறைத்ததெல்லாம் வீண். பிரெட்டிலும் பிஸ்கட்டிலும்கூட உப்பு இருக்கிறது. எலுமிச்சைச் சாறு, மிளகு, சீரகம், பூண்டு என்று ருசிக்கு வேறு வழிகள் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன.

பக்கவாதம் வந்தவருக்கு ஒரு வாய் தண்ணீர்

'தொண்டை வறண்டு கிடக்கிறாரே' என்று படுத்தவாக்கிலேயே ஸ்பூனில் தண்ணீர் ஊற்றுவது வார்டில் அடிக்கடி நடக்கிறது. பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் பலவீனமாகியிருக்கலாம். தண்ணீர் வேகமாக ஓடும் பொருள். மூச்சுக்குழாயின் வாசல் மூடிக்கொள்வதற்குள் அது உள்ளே இறங்கி நிமோனியாவில் கொண்டுவிடும். சிலருக்கு இருமல்கூட வராது. குடித்த பிறகு குரல் ஈரமாக, கரகரவென்று மாறினால் உடனே நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

அதனால் விழுங்கும் சோதனை முடியும்வரை வாய்வழியாக எதுவும் தரக்கூடாது. சோதனைக்குப் பிறகும், பலருக்குத் தண்ணீரைவிடக் கெட்டியான கூழ்தான் பாதுகாப்பு. ரசம் சாதத்தில் தண்ணீர் தனியாகவும் பருக்கை தனியாகவும் ஓடுவதால் அது ஆபத்து. நன்றாகக் குழைத்து மசித்த தயிர் சாதம் தேவலை. எவ்வளவு கெட்டி என்பதை விழுங்கும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சொல்வார். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு சிறு வாயாக, டிவியை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் போட்டிருந்தால், தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தித்தான் ஊற்ற வேண்டும். முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்க வேண்டும். டியூபில் போட்ட அடையாளக் குறி மூக்கு நுனியிலிருந்து நகர்ந்திருந்தால் ஒரு சொட்டுகூட ஊற்றாதீர்கள். சத்துமாவுக் கஞ்சி ஆற ஆற இறுகி, குழாயை அடைத்துக்கொள்ளும். மெல்லிய துணியில் வடிகட்டிய, தாராளமாக ஓடும் பதமே சரி. ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் ஊற்றிக் குழாயைக் கழுவுங்கள். மாத்திரைகளைக் கஞ்சியோடு கலக்காதீர்கள்.

ஊசி போட்டாயிற்று, சாப்பாடு வரவில்லை

சுகர் நோயாளிக்குச் சர்க்கரை போடாத ஜூஸும் கேழ்வரகுக் கூழும் தாராளமாகத் தரலாம் என்பது பரவலான எண்ணம். கூழாகக் கரைத்ததும் ஜூஸாகப் பிழிந்ததும் வேகமாகச் சுகரை ஏற்றும். ஆனால் வார்டில் அதைவிட அவசரமான தவறு வேறு. சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினை நர்ஸ் போட்டுவிடுவார். ஆஸ்பத்திரித் தட்டு வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். வீட்டுச் சாப்பாடு இன்னும் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு என்று சுகர் இறங்கத் தொடங்கிவிடும். நினைவோடு விழுங்க முடிகிறவருக்கு 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சாப்பாடு கைக்கு வந்த பிறகே ஊசி என்று நர்ஸிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஆபரேஷனுக்கு முன் 'ஒரு வாய் காபி'

பால் சேர்த்தால் காபியும் உணவுக் கணக்குதான். மயக்கத்தில் வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகலாம். பொதுவாக லேசான உணவுக்கும் பாலுக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேர இடைவெளி. எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் இன்னும் அதிகம். தெரியாமல் கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆபரேஷன் சில மணி நேரம் தள்ளிப்போவதோடு முடியும். அதற்காக முதல்நாள் இரவிலிருந்து தண்ணீரே இல்லாமல் வாட்டவும் வேண்டாம். எத்தனை மணி வரை குடிக்கலாம் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகும் ஓயாத பத்தியம்

கல்லீரல் சுருங்கியவருக்குப் பருப்பும் முட்டையும் ஆகாது என்பது பழைய வழக்கம். இன்றைய மருத்துவம் உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தரச் சொல்கிறது. இரவு நீண்ட பட்டினியில் அவர்களுக்குத் தசை கரையும் என்பதால் படுக்கப் போகும்முன் சிறு சிற்றுண்டியும் தேவை. ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் கீரையை அடியோடு நிறுத்த வேண்டியதில்லை; வாரத்துக்கு வாரம் அளவு மாறாமல் இருந்தால் போதும்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வீட்டிலிருக்கும் முதியவர்கள்தான். ஆஸ்பத்திரியில் சொன்ன உப்புக் குறைப்பை வீட்டில் உப்பே இல்லாத சாப்பாடாக்கி, மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். கூடவே நீர் பிரியும் மாத்திரையும் ஓடும். ரத்தத்தில் சோடியம் இறங்கி, பாட்டி தடுமாறுவார், சம்பந்தமில்லாமல் பேசுவார். அதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டு வாங்கும்போதே ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் எந்தத் தேதி வரை என்று கேட்டு அதன் பக்கத்திலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு அதையும் டாக்டர் முன் எடுத்து வையுங்கள்.