வேலையின் பெயரை விடுங்கள், ஒரு நாளைப் பாருங்கள்: ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வேலை தேடும் முறை

பி.காம் முடித்த கையோடு ஒரு நகைக்கடையில் கணக்குப் பிரிவில் சேர்ந்தேன். கணக்கு எனக்கு உயிர். டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு ரூபாய் இடித்தாலும் அது எங்கே என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன். இருந்தும் எட்டாவது மாதம், அட்சய திருதியைக்கு மறுநாள், நான் வேலைக்குப் போகவில்லை. அப்புறமும் போகவில்லை. என் மேசை பில் கவுண்டருக்குப் பின்னால் இருந்தது. தலைக்கு மேல் நகை மின்னுவதற்காகப் போட்ட விளக்குகள், பக்கத்தில் நோட்டு எண்ணும் மெஷின், நாள் முழுக்க ஒரே பாட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "தம்பி, அதை விட்டுட்டு இதை முதல்ல பாரு". நல்ல வேலையை விட்டுவிட்டேன் என்று வீட்டில் ஒரு வருடம் புலம்பினார்கள். எனக்கு ஆட்டிசம் என்று தெரியவந்தது அதற்கெல்லாம் வெகுநாள் கழித்து, 33 வயதில்.

இப்போது ஆறு வருடமாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் பின்னறையில் அதே கணக்கைத்தான் பார்க்கிறேன். அங்கேயும் 'அக்கவுண்டன்ட்', இங்கேயும் 'அக்கவுண்டன்ட்'. பெயர் ஒன்று, நாள் வேறு. அந்த நாளைப் பார்த்து வேலை தேடுவது எப்படி என்பதற்குத்தான் இந்தச் செய்முறை. பேசி, எழுதி, ஓரளவு தனியாகப் போய்வரக்கூடியவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கூடவே ஓர் ஆள் உதவி தேவைப்படுபவர்களுக்கு வேறு ஏற்பாடுகள் வேண்டும், அது தனிக் கதை.

படி 1: இரண்டு வாரம் ஒரு நோட்டு

வேலை விளம்பரத்தை இப்போதைக்குத் திறக்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தினமும் நேரம், இடம், என்ன செய்தேன், உடம்பு என்ன சொன்னது என்று நான்கையும் ஒரே வரியில் எழுதுங்கள். வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாலும் பரவாயில்லை, வீட்டு நாளையே எழுதலாம். என் நோட்டிலிருந்து மூன்று வரிகள்:

காலை 9.10, பஸ், நின்றுகொண்டே, ஏர் ஹாரன். இறங்கும்போதே தலைவலி.

மதியம் 2.00, தனியாக, பழைய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினேன். மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை.

மாலை 5.00, அத்தை சொல்லாமல் வந்தார். அதற்குப் பிறகு ஒன்றும் ஓடவில்லை.

'உடம்பு என்ன சொன்னது' என்பதுதான் கஷ்டமான பகுதி. நம்மில் பலருக்குப் பசிப்பதே தாமதமாகத்தான் தெரியும். அதனால் வீட்டில் ஒருவரிடமும் கேளுங்கள். என் அம்மா சட்டென்று சொன்னார்: "நீ கூட்டத்துக்குப் போயிட்டு வந்தா அன்னிக்கு ராத்திரி சாப்பிட மாட்டடா." முப்பது வருடம் அது எனக்கே தெரியாது.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டி, உங்களால் தாங்கவே முடியாதவை எவை என்று பாருங்கள். சத்தம், வெளிச்சம், வாசனை, கூட்டம், பயணம், திடீர் மாற்றம், வாயால் மட்டும் சொல்லப்படும் உத்தரவு என்று பட்டியல் நீளும். அதில் மூன்றே மூன்றை மட்டும் எடுங்கள். பத்து எடுத்தால் உலகத்தில் எந்த வேலையும் மிஞ்சாது. என் மூன்று: ஓயாத பேச்சுச் சத்தம், நடுவில் குறுக்கிடுவது, நெரிசல் நேரப் பயணம்.

இன்னொரு விஷயம். 'அவசரம்' என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் அவசரம் இல்லையா என்று கேட்பார்கள். நிறைய உண்டு. மாதாமாதம் 11, 20 தேதிகளில் ஜிஎஸ்டி, ஜூலை வந்தால் வருமான வரி. ஆனால் அந்த அவசரம் காலண்டரில் முன்கூட்டியே எழுதியிருக்கிறது. ஜூலையில் இரவு ஒன்பது வரைகூட உட்காருவேன். நகைக்கடையில் காலை பதினொரு மணிக்கு வந்த அவசரம்தான் என்னைச் சாய்த்தது, அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

படி 2: எதைச் செய்யும்போது சோறு மறக்கிறது?

ஆட்டிசம் என்றதும் "கம்ப்யூட்டர் கத்துக்கோ, பெரிய ஆளா வருவ" என்பார்கள். சிலருக்குச் சரி. எஸ்ஏபி என்ற ஜெர்மன் மென்பொருள் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவர்களுக்கென்றே 2013 முதல் ஒரு வேலைத்திட்டம் நடத்துகிறது, பெங்களூரிலும் ஆள் எடுத்திருக்கிறது. ஆனால் கோடிங் பிடிக்காத ஆட்டிசக்காரர்களும் ஏராளம். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பது, மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி பார்த்து அடுக்குவது, நூலகத்தில் அட்டவணை போடுவது, செடி நர்சரியில் பதியன் போடுவது, பேக்கரியில் விடியற்காலை மாவு பிசைவது, துணி வெட்டுவது, வாகனப் பழுது என்று வேலைகள் கிடக்கின்றன. உங்கள் நோட்டில் 'நேரம் போனதே தெரியவில்லை' என்று எழுதிய வரிகளைச் சுற்றி வட்டம் போடுங்கள். அவற்றில் கை செய்தது என்ன? அடுக்கியதா, ஒப்பிட்டதா, பிழை தேடியதா, பழுது பார்த்ததா, வளர்த்ததா? அந்த வினைச்சொல்லோடு தேடுங்கள், பதவிப் பெயரோடு வேண்டாம்.

படி 3: இடத்தைப் போய்ப் பாருங்கள்

முகவரி கிடைத்ததும், வேலை நாளில், காலை பத்து மணிக்கு எதிரே இருக்கும் டீக்கடைக்குப் போய் உட்காருங்கள். அங்கே வேலை செய்பவர்கள் டீ குடிக்க வருவார்கள். எத்தனை பேர், எப்படிப் பேசுகிறார்கள், வாசலில் போக்குவரத்து எப்படி என்று அரை மணியில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டிலிருந்து அதே நேரத்துக்கு ஒருமுறை பயணம் செய்தும் பாருங்கள். போய்ச் சேரும்போதே பாதி உயிர் போய்விட்டால் மீதி நாளுக்கு என்ன மிஞ்சும்?

பிறகு போனிலோ மெயிலிலோ இவற்றைக் கேளுங்கள்: எனக்கென்று ஒரே மேசையா, கிடைத்த இடத்திலா? வேலையை எழுதிக் கொடுப்பீர்களா, சொல்வீர்களா? எனக்கு வேலை சொல்பவர் ஒருவரா, நான்கு பேரா? போன் எடுக்க வேண்டுமா? இந்த நான்கு பதிலும் சம்பளத்துக்குச் சமமான தகவல். கேட்டதற்கே முகம் சுளிப்பவர்கள் சேர்ந்த பிறகு என்ன செய்வார்கள் என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

படி 4: வாயால் அல்ல, கையால் காட்டுங்கள்

நேர்காணல் என்பது பெரும்பாலும் நேர்காணல் தரும் திறமையைத்தான் அளக்கிறது. அமெரிக்காவில் டெம்பிள் கிராண்டின் என்ற கால்நடை அறிவியல் பேராசிரியர் இருக்கிறார், ஆட்டிசம் உள்ளவர். மாட்டுப் பண்ணைகளில் மாடுகளை நடத்திச் செல்லும் தடுப்பு அமைப்புகளை வடிவமைத்துத் தொழிலில் நுழைந்த காலத்தில், தன்னைப் பற்றிப் பேசாமல் தான் வரைந்த வரைபடங்களையும் கட்டி முடித்தவற்றின் படங்களையும் மேசையில் விரித்து வைத்துத்தான் வேலை வாங்கினார். அதைத்தான் நானும் காப்பியடித்தேன். ஒரு கற்பனைக் கடையின் மூன்று மாதக் கணக்கை எழுதி, அதில் வந்த பிழைகளை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று இரண்டு பக்கக் குறிப்போடு எடுத்துப் போனேன். ஆடிட்டர் சார் பேச்சை நிறுத்திவிட்டுத் தாளைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதும்.

முடிந்தால் "மூன்று நாள் வேலை செய்து காட்டுகிறேன், அதற்குக் கூலி கொடுங்கள், பிடித்தால் சேர்கிறேன்" என்று கேளுங்கள். சின்ன இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூலியில்லாமல் ஒரு மாதம் 'டிரெயினிங்' என்றால் வேண்டாம்.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வி வந்தே தீரும். பிறந்த ஊரிலிருந்து ஆரம்பிக்காதீர்கள் (நான் ஆரம்பித்திருக்கிறேன்). படிப்பு, செய்த வேலை, இங்கே செய்ய நினைப்பது என்று மூன்று வாக்கியம் எழுதி மனப்பாடம் செய்துவிடுங்கள். கண்ணைப் பார்த்துப் பேச முடியாவிட்டால், "எழுதிக்கொண்டே கேட்டால் எனக்கு நன்றாகப் புரியும்" என்று சொல்லி நோட்டைத் திறந்துவிடலாம்.

படி 5: சான்றிதழ்

1995-ஆம் ஆண்டின் பழைய சட்டப் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அது இடம்பெற்றது. அரசு வேலைகளில் 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேர்த்து. இதைப் பெற குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று அரசு மருத்துவக் குழு சான்று தர வேண்டும். 'ஸ்வாவலம்பன் கார்டு' இணையதளத்தில் விண்ணப்பித்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யுடிஐடி கிடைக்கும். பரிசோதனைக்குப் போகும்போது உங்கள் சின்ன வயது தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பழைய பள்ளி ரிப்போர்ட் கார்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். பெரியவர்களைப் பார்த்துப் பழக்கமில்லாத இடங்களில் "நல்லாத்தானே பேசுறீங்க" என்பார்கள். சென்னைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் தேசிய நிறுவனத்திலும் வழி கேட்கலாம்.

நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்கு 'புற உலகச் சிந்தனையற்ற' என்று ஒரு சொல் வரும், அதைப் பார்த்துத் திடுக்கிடாதீர்கள். புற உலகத்தின் ஒவ்வொரு குக்கர் விசிலும் என் மண்டைக்குள்தான் அடிக்கிறது, சிந்தனையற்று இருக்க ஆசைதான்.

தனியார் இடம் என்றால்? 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்பது விதி. "உங்கள் சம வாய்ப்புக் கொள்கையை அனுப்ப முடியுமா?" என்று ஒரு மெயில் போட்டுப் பாருங்கள்.

படி 6: சொல்வதா, வேண்டாமா?

ஒதுக்கீட்டில் போனால் இந்தக் கேள்வியே இல்லை. மற்ற இடங்களில், என் அபிப்பிராயம்: முதலில் தேவையைச் சொல்லுங்கள், ஆட்டிசம் என்ற பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "சார், வேலையை வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிட்டால் தவறாமல் முடித்துவிடுவேன்" என்று கேட்க எந்தச் சான்றிதழும் தேவையில்லை. பெயரைச் சொல்லிவிட்டால் திரும்ப வாங்க முடியாது, சிலர் அன்றிலிருந்து குழந்தையிடம் பேசுவது போலப் பேசுவார்கள். நான் ஓராண்டு கழித்துச் சாரிடம் மட்டும் சொன்னேன். "அப்படியா, சரி" என்றவர் அடுத்த கேள்வியாக ஒரு கிளையன்டின் ஜிஎஸ்டியைப் பற்றிக் கேட்டார். எல்லாருக்கும் இப்படி அமையாது.

படி 7: சேர்ந்த பிறகு நோட்டு மறுபடியும்

முதல் மாதம் வேலையைத் தவிர வேறு எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள், கல்யாணம் காதுகுத்து உட்பட. மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே அப்படிச் செய்யுங்கள். பத்து நாள் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுப் பிறகு ஒதுங்கினால்தான் கோபம் என்று நினைப்பார்கள்.

அதே நான்கு விவரங்களை மறுபடி எழுதிவாருங்கள். மூன்றாவது வாரம் என் நோட்டில் 'மதியத்துக்குப் பிறகு எரிச்சல்' என்று தொடர்ந்து நான்கு நாள் இருந்தது. வேலையே ஒத்துவரவில்லையோ என்று பயந்துபோனேன். எதிர்வெயில் ஏறியதும் ஃபேனைக் கூட்டி வைப்பார்கள், அந்த வேகத்தில் அது கிறீச்சிடும். சாரிடம் சொன்னதும் எலக்ட்ரீஷியன் வந்து பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டுப் போனார். பக்கத்து மேசை அக்கா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மூணு வருஷமா இந்தச் சத்தத்துக்குக் கீழதான்பா உட்கார்ந்திருக்கேன். சொன்னா சரிபண்ணுவாங்கன்னு தோணவே இல்லை."